ஈரக் குப்பையை வண்டியில் ஏற்றாதீர்கள்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள் நான். உங்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையோடும், இந்த ஊரில் வீட்டுவரி கட்டுகிறவள் என்ற உரிமையோடும் எழுதுகிறேன்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் குப்பை எரியூட்டி ஒன்று வாங்குவதற்கான தீர்மானப் பொருள் வைக்கப்படுகிறது என்று அறிந்தேன். குப்பை கொட்டும் உரக்கிடங்கு நிரம்பிவிட்டது, சுற்றியிருப்பவர்கள் நாற்றம் தாங்காமல் மனு கொடுத்துவிட்டார்கள், மாற்று இடம் கிடைக்கவில்லை, ஆகவே எரித்துவிடலாம் என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். நெருக்கடி உண்மையானது. 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாதது நம் கன்னியாகுமரி மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாநிலச் சராசரி 555. மலையும் காடும் போக எஞ்சிய நிலத்தில்தான் இத்தனை பேரும் வீடு, கிணறு, தென்னை, வாழை என்று வைத்துக்கொண்டு வாழ்கிறோம். யார் வீட்டுக்கும் அருகில் இல்லாத இடம் என்று குமரி மாவட்டத்தில் ஓரிடம் கிடையாது. 50க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளுக்கும் இதே தலைவலிதான்.

ஆனால், எரியூட்டிக்குக் கை தூக்குவதற்கு முன் ஒரு ஒப்பீடு செய்துவிடுங்கள். குவிப்பது, எரிப்பது, மக்கவைப்பது, எரிவாயு ஆக்குவது, மறுசுழற்சிக்குக் கொடுப்பது என்று நமக்குத் தெரிந்த வழிகள் ஒவ்வொன்றும் நம் காற்றையும் கிணற்றையும் மண்ணையும் என்ன செய்யும் என்று ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். அந்த ஒப்பீட்டை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே செய்கிறேன்.

போன மாதம் ஏழு நாட்கள் எங்கள் வீட்டுக் குப்பையை நிறுத்துப் பார்த்தேன். வீட்டில் நான்கு பேர். மரச்சீனித் தோல், சாளையின் தலையும் செதிளும், வாழைப்பூ மடல், தேயிலைத் தூள், பால் பிழிந்த தேங்காய்த் துருவல், மிஞ்சிய சோறு. இவை ஒரு வாளியில். பால் உறை, பிஸ்கட் உறை, செய்தித்தாள், மருந்து அட்டை, எண்ணெய்க் குப்பி எல்லாம் ஒரு சாக்கில். வாரக் கடைசியில் மொத்தம் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஐந்தரைக் கிலோ வாளியில் இருந்தது. சாக்கு முழுதாக உப்பியிருந்தாலும் எடையே இல்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பிளாஸ்டிக். கைக்குக் கனப்பது அடுக்களை ஈரம். நாம் இத்தனை காலம் கண்ணை மட்டும் நம்பித் திட்டம் போட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஐந்தரைக் கிலோவைக் கிடங்கில் குவித்தால் என்ன ஆகும்? குவியலின் அடியில் காற்று நுழையாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் அதை அழுகவைத்து மீத்தேனை வெளியிடும். குப்பைமேட்டிலிருந்து எழும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன்தான். 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 80 மடங்கு. கடலரிப்பில் வீட்டை இழந்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். வெப்பம் ஏறுவது இந்தக் கரைக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது குவியலுக்கு அடியில் கசியும் கறுப்புத் தண்ணீர். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு ஒரு பருவமழைதான் பெரிது. நமக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆண்டில் இரண்டு முறை குப்பைமேடு முழுவதும் ஊறுகிறது. அம்மோனியாவும், அழுகிய கரிமப் பொருளும், பேட்டரியிலிருந்தும் பெயின்ட் டப்பாவிலிருந்தும் கரைந்த உலோகங்களும் அந்தத் தண்ணீரோடு இறங்கும். நம் ஊரில் புரையிடத்துக்கு, அதாவது வீட்டு மனைக்கு, ஒரு கிணறு. அடியில் ஓடும் நீருக்கு மதில் இல்லை. கிணற்றுக்குத் தப்பியது சானலுக்குப் போகிறது, சானலிலிருந்து குளத்துக்குப் போகிறது. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த நீர்நிலைகளோடு உறவுள்ள கால்வாய்களின் கரையில்தான் சாக்குமூட்டைகளும் கிடக்கின்றன.

குவித்தால் தீயும் பிடிக்கும். நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கில் தீ என்ற செய்தியை நாம் எத்தனை கோடையில் படித்திருக்கிறோம்! கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2 அன்று பிடித்த தீ ஏறத்தாழ 12 நாட்கள் எரிந்தது. நகரமே முகக்கவசம் போட்டுக்கொண்டு மூச்சு விட்டது.

சரி, குவிக்க வேண்டாம், எரித்துவிடலாம் என்பது அடுத்த எண்ணம். எரிப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நம் முற்றத்தில் நடப்பது, இன்னொன்று நீங்கள் வாங்க நினைக்கும் இயந்திரத்தில் நடக்கப்போவது.

முற்றத்துத் தீயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை நான் நேசித்து வளர்ந்தவள். விடிந்ததும் அம்மா முற்றம் பெருக்கி, பலாச் சருகையும் மாஞ்சருகையும் தென்னை மூட்டில் கூட்டி வைத்துத் தீ மூட்டுவாள். மழைக்காலத்தில் அந்தப் புகைக்குக் கொசு ஓடும். சாம்பல் வாழைக்குப் போகும். அன்று அந்தக் குவியலில் சருகைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இன்று சருகோடு பால் உறை, ஷாம்பு உறை, அறுந்த செருப்பு, பிவிசி குழாய்த் துண்டு எல்லாம் சேர்ந்து அதே தென்னை மூட்டில், அதே பழக்கத்தில், எரிகின்றன. குளோரின் உள்ள பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டையாக்சின்கள் என்னும் கொடிய நச்சுகள் உருவாகின்றன. 200 முதல் 450 டிகிரி வரையிலான வெப்பம் அவை உருவாக மிகவும் தோதானது. முற்றத்துக் குவியல் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் கனன்றுகொண்டிருக்கிறது. டையாக்சின் எளிதில் சிதையாது. புல்லில் படிந்து, பசுவின் பாலில் ஏறி, கோழி முட்டையில் சேர்ந்து, நம் உடல் கொழுப்பில் தங்கிவிடும். புகையோடு வரும் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். தூய சருகை மட்டும் எரித்தாலும் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடுகிறது. அதே சருகைத் தென்னை மூட்டில் மூடாக்காகப் போட்டிருந்தால் மண்ணுக்கு அத்தனையும் கிடைத்திருக்கும்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நடக்கப் போனேன். சானல் கரையில், தொடக்கப்பள்ளி மதிலுக்கு வெளியே, தெருக்கூட்டிய குவியல் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பனிக்காலத்துக் காற்றில் அசைவு இல்லை. புகை மேலே போகாமல், மதிலை ஒட்டிக்கொண்டு, வகுப்பறைச் சன்னல் உயரத்தில் பாய் விரித்ததுபோல நின்றது. ஒன்பது மணிக்குத் திரும்ப அந்த வழியே வந்தேன். அப்போதும் அது முழுதாகக் கலையவில்லை. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்து, சிறு அளவில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடும் விதித்துவிட்டது. ஆணை வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் புகை பள்ளிச் சன்னலில் நிற்கிறதே என்று எனக்கு ஆறவில்லை.

இயந்திரம் வந்தால் இந்தக் கேடு இருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல எரியூட்டியில் 850 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் புகை குறைந்தது இரண்டு நொடி தங்க வேண்டும். பிறகு வடிகட்டிகள், கழுவிகள், தொடர் கண்காணிப்புக் கருவிகள் என்று ஒரு வரிசையே வேண்டும். அவையெல்லாம் இருந்து, படித்த ஆட்கள் இயக்கினால் முற்றத்துத் தீயைவிட அது பல மடங்கு மேல். ஆனால் ஒரு பேரூராட்சி வாங்கக்கூடிய சிறு எரியூட்டிக்கு இத்தனையும் கூட வருமா? விலைப்புள்ளி தரும் நிறுவனத்திடம் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. பதினோராம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய பாடம்தான்: ஒரு கிலோ தண்ணீரை நம் ஊர் வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோய் ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். அடுக்களைக் குப்பையில் பெரும்பங்கு தண்ணீர். அதை எரியூட்டியில் கொட்டுவது விறகு அடுப்பில் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். அடுப்பு அணையும், அல்லது டீசல் ஊற்றி எரிக்க வேண்டிவரும். டெல்லி திமர்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு நிறுவிய ஆலை மூன்றே வாரத்தில் நின்றுபோனது. நம் நாட்டுக் குப்பை அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தரவில்லை என்பதே காரணம். எரித்த பிறகும் குப்பை முற்றாக ஒழியாது. எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். வடிகட்டியில் பிடிபடும் நுண்சாம்பலில் உலோகமும் டையாக்சினும் செறிந்திருக்கும். அதைக் கொட்ட மறுபடியும் ஓர் இடம் தேடுவோம். நாம் இப்போது இடமில்லாமல்தானே தவிக்கிறோம்?

மக்கவைப்பதற்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம், கிணற்றிலிருந்து தள்ளி, கமுகு நிற்கும் மேட்டில், இரண்டு சிமெண்ட் உறைகளை நிறுத்தியிருக்கிறேன். கிணற்றுக்கு இறக்கும் அதே உறைதான். பக்கவாட்டில் துளை போட்டு வாங்கினேன். ஒரு வாளி ஈரக் குப்பை போட்டால் மேலே இரண்டு வாளி சருகு. வாரத்துக்கு ஒரு முறை கம்பியால் கிளறிவிடுவேன். விடியற்காலையில் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். கையை உள்ளே விட்டால் இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாது. வெயில் தொடாத இடத்தில் இருக்கும் குப்பைக்குள் இத்தனை சூடு எங்கிருந்து வந்தது என்று பேரன் கேட்டான். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் மூச்சு விடும் சூடு அது என்றேன். நன்றாக அமைந்த குவியல் 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடியும். மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, புது மழைக்கு எழும் மண்மணத்தோடு உரம் கிடைக்கிறது.

முதல் ஆண்டு இது எனக்குக் கைவரவில்லை. ஐப்பசி மழையில் மூடாமல் விட்டுவிட்டேன், சருகும் போதவில்லை. உறை முழுவதும் சேறாகி, புழு வைத்து, பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை, கிடங்கில் நடப்பதே சிறிய அளவில் இங்கும் நடக்கிறது என்று பொருள். மீத்தேனும் வரும், கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வீரியமுள்ள நைட்ரஸ் ஆக்சைடும் வரும். ஆகவே மக்கவைப்பது தானாகவே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். கரியும் (கார்பன்) தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைய வேண்டும். மீனும் சோறும் தழைச்சத்து மிகுந்தவை. சருகும் தென்னை நார்த்தூளும் கரி மிகுந்தவை. மீன் தின்று தென்னைக்குக் கீழே வாழும் நமக்கு இரண்டும் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன. கதம்பை உரித்த இடத்தில் மலைபோலக் குவிந்திருக்கும் நார்த்தூளை ஊருக்குப் பயன்படுத்த நாம் இன்னும் யோசிக்கவே இல்லை.

எரிவாயுக் கலன் இன்னொரு வழி. ஒரு கன மீட்டர் எரிவாயு ஏறத்தாழ 450 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும். எஞ்சும் கரைசல் உரமாகும். இதற்கு நாம் வெளியூர் போகவும் வேண்டாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம் 'சக்தி சுரபி' என்ற பெயரில் அடுக்களைக் கழிவுக் கலனையே உருவாக்கியிருக்கிறது. ஆனால் இணைப்பில் கசிவு இருந்தால், நாம் தவிர்க்க நினைத்த அதே மீத்தேனை வீட்டிலேயே செய்து காற்றில் விட்டவர்களாவோம். ஆகவே நாள்தோறும் கழிவும், பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள இடத்துக்குத்தான் இது பொருந்தும் என்பது என் எண்ணம். கல்யாண மண்டபம், உணவகம், விடுதி ஆகியவற்றுக்குக் கட்டாயமாக்குங்கள்.

ஈரம் வீட்டிலேயே நின்றுவிட்டால் மற்ற வழிகளின் குணமும் மாறிவிடும். மீன் தண்ணீர் படாத செய்தித்தாளையும் குப்பியையும் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவார். பழைய அலுமினியத்தை உருக்கினால் தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சம். பல அடுக்கு உறைகளை மறுசுழற்சி செய்ய வழி அரிது. உலர்ந்திருந்தால் 1,400 டிகிரியைத் தாண்டும் சிமெண்ட் சூளைக்காவது அனுப்பலாம். வண்டியும் நாள்தோறும் எல்லாத் தெருவுக்கும் ஓட வேண்டாம்; வாரம் ஒரு முறை போதும். டீசலும் மிச்சம், கிடங்கில் இடமும் மிச்சம்.

பிளாஸ்டிக் பைகளும் உறைகளுமே வராமல் தடுப்பது இன்னும் மேல். நாம் அதையும் செய்து பார்த்த மாவட்டம்தான். 2019 ஜனவரியில் மாநிலம் முழுவதும் தடை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோது, குமரி மாவட்டக் கடைகளில் பிளாஸ்டிக் பை நின்றது. துணிப்பையோடு சந்தைக்குப் போனோம். மீனைப் பாத்திரத்தில் வாங்கினோம். நம் மக்களால் முடியாது என்று யாராவது மன்றத்தில் சொன்னால் அந்த நாட்களை நினைவூட்டுங்கள்.

ஒரு குப்பைக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. குழந்தைகளுக்கும் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் கட்டும் டயப்பர், மாதவிடாய் அணையாடை. இவை மக்காது, விற்காது, முற்றத்தில் எரிக்கவே கூடாது. மாமியாரை நான்கு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் என்பதால் டயப்பரை விட்டுவிடுங்கள் என்று என் வாயால் சொல்ல வராது. இவற்றைத் தாளில் பொதிந்து, குறி போட்டு, தனியாக வாங்கி, மருத்துவக் கழிவை எரிக்க உரிமம் பெற்ற ஆலைக்கு அனுப்புவதுதான் இருப்பதில் தீங்கு குறைந்தது. பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. எரியூட்டிக்கு நியாயமான வேலை இது ஒன்றுதான். அதற்கு நமக்கென்று தனி இயந்திரம் வேண்டியதில்லை.

எல்லா வீட்டிலும் புரையிடம் இல்லை என்பதை அறிவேன். கடற்கரை ஊர்களில் சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள். மீன் கழிவு அங்கேதான் அதிகம். நம் ஊரிலும் காலனித் தெருக்களில் தென்னை வைக்க இடமில்லை. நிலம் உள்ள எங்களைப் போன்றவர்கள் ஈரக் குப்பையை வண்டியில் ஏற்றாமல் இருந்தால், உங்கள் ஆட்களின் உழைப்பு முழுவதையும் அந்தத் தெருக்களுக்குக் கொடுக்கலாம். அங்கே பொதுப் பெட்டிகள் வையுங்கள். ஆலப்புழை இதைச் செய்து காட்டியது. சர்வோதயபுரத்துக் கிடங்கை அங்கத்து மக்கள் மறித்தபிறகு, நகரம் வீட்டிலேயே குழாயில் குப்பையை மக்கவைக்கும் முறைக்கும் தெருவோரத் தும்பூர்முழிப் பெட்டிகளுக்கும் மாறியது. நாலடிச் சதுரப் பெட்டி. சாணம், சருகு, குப்பை என்று அடுக்கிக்கொண்டே போனால் 90 நாளில் உரம். 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. நமக்கு இன்னும் பக்கத்தில், திருவனந்தபுரத்துக் குப்பை போய்க்கொண்டிருந்த விளப்பில்சாலை ஆலை 2011 டிசம்பரில் மூடப்பட்டது. ஒரு நகரத்தின் ஈரத்தை ஒரு கிராமத்தின் தலையில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை அங்கே போய்க் கேட்கலாம். எல்லை ஊரான களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக் குப்பை வரும்போது நாம் கொதிக்கிறோம். நம் குப்பையை நம் ஊரின் ஒரு மூலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும்போதும் அதே கொதிப்பு வர வேண்டும்.

நம் தூய்மைப் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன் கழிவும் கண்ணாடித் துண்டும் டயப்பரும் ஒரே பையில் கட்டிக் கொடுக்கிறோம். அவர்கள் அதைத் தரையில் கொட்டி, கையால் பிரிக்கிறார்கள். ஒருவர் உள்ளங்கையில் ஆழமான வெட்டுக் காயத்தோடு எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றார். வீட்டில் பிரிக்க நமக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

ஆகவே என் கோரிக்கை இது. எரியூட்டித் தீர்மானப் பொருளை ஒரு கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். அதன் விலை, டீசல், பராமரிப்பு, சாம்பல் அகற்றும் செலவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதே பணத்துக்கு எத்தனை வீட்டுக்கு இரண்டு சிமெண்ட் உறைகளும் மூடியும் கொடுக்கலாம், எத்தனை தெருவுக்குப் பெட்டி வைக்கலாம், எத்தனை நாள் நார்த்தூள் இறக்கலாம் என்று அடுத்த தாளில் எழுதுங்கள். இரண்டையும் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். முதலில் ஒரே ஒரு வார்டில் ஆறு மாதம் செய்து பாருங்கள்; எங்கள் வார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க என்னோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள். உறை நாறினால் எங்களைக் கூப்பிடட்டும். சருகுச் சாக்கோடு நாங்கள் போகிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு இரண்டாவது உறையிலிருந்து உரத்தை எடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் போட்ட சாளைத் தலையும் மரச்சீனித் தோலும் அதில் இருக்கின்றன. நீங்கள் எல்லோரும் வந்து கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காப்பி போட்டு வைக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்க்காரி,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை